ஹளானத்தும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையும்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிகளில் ஒரு பெண்மணியை மணமுடித்திருந்தார்கள். ஆஸிம் என்று ஓர் ஆண் மகவும் பிறந்தது. பின்னர் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டனர். ஒருநாள் உமர் (ரலி) அவர்கள் குபாவுக்குச் சென்றிருந்தபோது, பள்ளிவாசல் முற்றத்திலே தம் மகன் விளையாடிக் கொண்டிருப்பதைக் கண்டார்கள். கையைப் பிடித்துத் தூக்கி, வாகனத்தில் தமக்கு முன்னால் அமர்த்திக் கொண்டார்கள். சிறுவனின் பாட்டியார் ஓடிவந்து மறித்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் சமூகத்திற்குப் போயிற்று. இருவருமே ‘என் மகன்’ என்று வாதிட்டனர். அந்தப் பெண்மணிக்கும் சிறுவனுக்கும் இடையே புகாதீர்கள் என்று கலீஃபா அவர்கள் உமர் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ள சம்பவம் இது. தந்தை யாரென்று பாருங்கள்! பிற்காலத்தில் பெரும் பேரரசையே ஆண்டவர்கள். அவர்களுக்கே தம் பிள்ளை விஷயத்தில் ஒரு காளியின் தீர்ப்புத் தேவைப்பட்டிருக்கிறது. தீர்ப்புக்குக் கட்டுப்படவும் முடிந்திருக்கிறது. இன்று நம் மஹல்லாக்களில் தலாக், குலா என்று பிரிந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழும் வழக்குகளைக் காணும் போதெல்லாம் குபாப் பள்ளி முற்றம்தான் நினைவுக்கு வருகிறது.

இது குறித்து எழுத வேண்டுமென்று பல நாட்களாக எண்ணியிருந்தேன். எழுதுவதற்கு எனக்கொரு கடனும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் மஸ்அலாவைப் பார்ப்போம்.

அரபியில் ‘ஹிள்ன்’ என்றால் அக்குளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட விலாப்புறம். தாய் பிள்ளையை அணைத்து இடுக்கிக் கொள்ளும் இடம். அதிலிருந்து பிறந்த சொல்லே ‘ஹளானத்’. ஊட்டுதல், குளிப்பாட்டுதல், உறங்க வைத்தல், நோயில் பார்த்துக் கொள்ளுதல் ஆகிய வளர்ப்பெல்லாம் இதில் அடங்கும். ‘விலாயத்’ என்பது வேறு. பிள்ளையின் சொத்தை நிர்வகிப்பதும், மணமுடித்துக் கொடுப்பதும், படிப்பு போன்றவற்றில் முடிவெடுப்பதும் அதில் சேரும். விலாயத் தந்தைக்குரியது, ஹளானத் சிறு வயதில் தாய்க்குரியது. இரண்டையும் குழப்பிக் கொள்வதாலேயே பாதிச் சண்டைகள் வருகின்றன. ‘வலீ நான்தானே, பிள்ளையைக் கொடு’ என்று தந்தை கேட்கிறார். ‘பிள்ளை என்னிடம்தானே இருக்கிறது, அதன் பேரிலுள்ள நிலத்தை விற்பேன்’ என்று தாய் வீட்டார் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. 1918-ம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சையித் அமீர் அலி. தாய்க்கு வளர்ப்புரிமை உண்டு, ஆனால் பிள்ளையின் சொத்தை விற்கும் அதிகாரம் இல்லை என்று அன்று சொன்னதை நம் நாட்டு நீதிமன்றங்கள் பின்னர் பலமுறை எடுத்தாண்டுள்ளன.

தாய்க்கு முன்னுரிமை என்பதற்கு ஆதாரம் அபூதாவூதில் வரும் பிரபலமான ஹதீஸ். ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் வயிறு அந்தப் பிள்ளைக்குப் பாத்திரமாகவும், மார்பு பருகுமிடமாகவும், மடி புகலிடமாகவும் இருந்ததை எடுத்துச் சொல்லி, தம்மை மணவிலக்குச் செய்தவர் இப்போது பிள்ளையையும் பறிக்கப் பார்க்கிறார் என்று முறையிட்டார். மறுமணம் செய்யாதிருக்கும் வரை நீயே அதற்கு அதிக உரிமையுள்ளவள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். தாய்க்குப் பிறகு தாயின் தாய், அதற்கடுத்துத் தந்தையின் தாய் என்று நம் இமாம்கள் வரிசைப்படுத்தியுள்ளார்கள்.

எத்தனை வயது வரை? ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது. பெண் பிள்ளைக்குப் பருவமடையும் வரை (ஒன்பது என்று தீர்ப்பளித்த பிற்கால உலமாக்களும் உண்டு). ஆனால் ஏழு என்பது வானத்திலிருந்து இறங்கிய எண்ணன்று. ஹிதாயாவைப் பாருங்கள். பையன் தானாக உண்ண, தானாக அருந்த, தானாக உடுத்த, தானாக இஸ்தின்ஜா செய்ய வரும் வரை தாயிடம் இருக்க வேண்டும் என்பதே மூலச் சட்டம். சாதாரணமாக அது ஏழு வயதில் வந்துவிடும் என்று இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்கள் கணித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ, விவரம் தெரியும் வயது வந்ததும் ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளையிடமே கேட்க வேண்டும். அது யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவரிடம் விட வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனை அவ்வாறு தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், அவன் தாயின் கையைப் பற்றிக் கொண்டான் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லோரும் அறிந்ததே. இனித்தான் என் கடன்.

சில ஆண்டுகளுக்கு முன், சின்ன ஊர் ஒன்றில் இமாமத் செய்து கொண்டிருந்தேன். பட்டம் பெற்று வெளிவந்த புதிது. ஒரு பெரியவர் வந்தார். தம் மகனும் மருமகளும் பிரிந்துவிட்டதாகவும், பேரனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டதாகவும், அவன் யாரிடம் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். ஹனஃபிக் குடும்பம். ‘ஏழு வயது பூர்த்தியான ஆண் பிள்ளையைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்று இரண்டே வரி எழுதி, கித்தாபின் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சரியான மஸ்அலாதான். எழுத்துப் பிழைகூட இல்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஒரு பெண்மணி தம் தகப்பனாருடன் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். “ஹஜ்ரத், ஏழு வயசு ஆயிட்டா பெத்தவ புள்ள மூஞ்சியப் பார்க்கக் கூடாதுன்னு கித்தாபுல இருக்குன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே?” என்று கேட்டார்.

நான் அப்படி எழுதவில்லை. ஆனால் அப்படி இல்லை என்றும் எழுதவில்லையே! அந்த இரண்டு வரியைக் காட்டித்தான், ஒரு பெருநாளன்றுகூடப் பையனை அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் எழுதாமல் விட்ட மறுபாதி இதுதான். பிள்ளை தாய் தந்தையரில் யாரிடம் இருந்தாலும், மற்றவர் அதைப் பார்ப்பதையும் அதன் நலனை விசாரிப்பதையும் தடுக்கக் கூடாது என்பது ஹனஃபி ஃபத்வா நூல்களில் உள்ள சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் இன்னும் விரிவாகப் பேசுகிறது. மகன் தந்தையைத் தேர்ந்தெடுத்தால், அவன் தாயைப் போய்ப் பார்ப்பதைத் தந்தை தடுக்கக் கூடாது. மகள் தந்தையிடம் இருந்தால், தாய் வந்து பார்க்கலாம். வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது. சில நாட்களுக்கு ஒருமுறை என்பது அந்தச் சந்திப்பின் அளவு. மகன் தாயைத் தேர்ந்தெடுத்தால், இரவில் தாயிடமும் பகலில் தந்தையிடமும் இருப்பான். தந்தை அவனுக்கு ஒழுக்கமும் கல்வியும் தொழிலும் கற்பிக்க வேண்டும். பிள்ளை நோயுற்றால் பணிவிடை செய்ய அதிக உரிமையுள்ளவள் தாயே. தந்தை சம்மதித்தால் அவர் வீட்டில், இல்லையேல் தாயின் வீட்டில்.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். மணவிலக்கான தாய் பிள்ளையை எடுத்துக் கொண்டு வேறு ஊருக்குக் குடிபோகலாமா என்ற கேள்விக்கு நம் ஹனஃபி இமாம்கள் பதில் சொல்லும்போது, தன் திருமணம் நடந்த சொந்த ஊருக்குப் போகலாம் என்றார்கள். மற்ற ஊர்களென்றால், தந்தை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் தன் வீடு திரும்பும் தொலைவாக இருக்க வேண்டும் என்றார்கள். தூரத்தை மைல் கணக்கில் அளக்கவில்லை. தந்தை பிள்ளையைப் பார்த்து வருவதை வைத்தே அளந்தார்கள். பார்க்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்திலும் இதையொத்த ஒரு பிரிவு இருக்கிறது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், அதன் அனுமதியின்றிப் பிள்ளையை அந்நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்கிறது 26-ம் பிரிவு.

இவை எல்லாவற்றுக்கும் வேர் அல்பகரா அத்தியாயத்தின் 233-ம் வசனம். பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்று இறைவன் அங்கே விதிக்கிறான். வசனம் பாலூட்டுவதைப் பற்றியதுதான். ஆயினும் ‘பிள்ளையைக் கொண்டு துன்புறுத்துதல்’ என்பது பால்குடி மாறியதோடு தீர்ந்துவிடுகிறதா என்ன?

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். ‘கோர்ட் தீர்ப்பு ஷரீஅத்துக்கு விரோதம்’ என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. தீர்ப்பைப் படிக்காமலே சொல்வார்கள். பிள்ளை விஷயத்தில் இந்நாட்டு நீதிமன்றங்கள் பார்ப்பது பாதுகாவலர் சட்டத்தின் 17-ம் பிரிவை. பிள்ளைக்குரிய சமயச் சட்டத்திற்கு இசைய அதன் நலனைப் பார்க்க வேண்டும். அதன் வயது, ஆணா பெண்ணா என்பது, மார்க்கம், கேட்பவரின் குணநலன், உறவின் நெருக்கம் எல்லாவற்றையும் கருத வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று அது சொல்கிறது. கடைசி வரியைப் படிக்கும் ஷாஃபிஈக்காரர் புன்னகை செய்வார்!

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து வழக்கில் 1973-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருட்களுமல்ல, விளையாட்டுப் பொம்மைகளுமல்ல என்ற கருத்தை வலியுறுத்தியது. இத்தகைய உத்தரவுகள் நிரந்தரமானவையல்ல, பிள்ளையின் நிலைமை மாறினால் மாற்றக் கூடியவை என்றும் கூறியது. 2010-ல் ஒரு முஸ்லிம் குடும்பத்து வழக்கு அங்கே வந்தது. தாய் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் இருந்தனர், தந்தை மறுமணம் செய்திருந்தார். தந்தையின் விலாயத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. விலாயத் வேறு, வளர்ப்பு வேறு என்று பிரித்துக் காட்டி, அப்போதைக்குப் பிள்ளைகளைத் தாய்வழிச் சொந்தங்களிடமே விட்டு, தந்தை வந்து பார்ப்பதற்கு வழி செய்தது. ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளுக்காக அலீ, ஜஃபர், ஸைத் (ரலி) மூவரும் உரிமை கோரியபோது, தாயின் சகோதரி தாயின் ஸ்தானத்தில் இருப்பவள் என்று கூறி, நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுமியை ஜஃபர் (ரலி) வீட்டிலிருந்த சின்னம்மாவிடம் ஒப்படைத்ததை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. பிள்ளை ஒருவரிடம் இருந்தாலும் மற்றவரின் அன்பையும் பெறுவது அதன் உரிமை. மிகக் கடுமையான சூழ்நிலையில் மட்டுமே ஒருவருக்குச் சந்திப்பை அறவே மறுக்கலாம், அதற்கும் காரணம் எழுத வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எப்படி என்பதையெல்லாம் உத்தரவிலேயே விவரமாகக் குறிக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர் போனிலும் வீடியோவிலும் பேச வழி செய்ய வேண்டும் என்றது. நம் ஃபுகஹாக்கள் பெற்றோரின் பக்கத்திலிருந்து சொன்னதை நீதிமன்றம் பிள்ளையின் பக்கத்திலிருந்து சொல்கிறது. எனக்குத் தெரிந்தவரை பேதம் அவ்வளவுதான்.

இப்போது பலருக்கும் மனக்கசப்பைத் தரும் விஷயத்திற்கு வருகிறேன். சில வழக்குகளில், தந்தையோ தாயோ பிள்ளையைத் தனியாக அழைத்துப் போக அனுமதிப்பதில்லை. குடும்ப நீதிமன்ற வளாகத்திலோ வேறு பொது இடத்திலோ, கவுன்சிலர் அல்லது நம்பகமான உறவினர் ஒருவர் அருகிலிருக்க, குறித்த நேரத்திற்குள் பார்க்கலாம் என்று உத்தரவாகிறது. “என் பிள்ளையை நான் பார்க்க இன்னொருத்தர் காவலா? நான் என்ன திருடனா?” என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு எப்போதும் தண்டனையன்று. அடித்த வரலாறு இருக்கலாம், குடிப்பழக்கம் இருக்கலாம், பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வெளிநாடு போய்விடுவார் என்ற அச்சம் இருக்கலாம். சில நேரம் யார் மீதும் குற்றமே இராது. நெடுநாள் பார்க்காததால் பிள்ளைதான் மிரண்டிருக்கும். ஹளானத்துக்கு அமானத்தும் நன்னடத்தையும் நிபந்தனை என்று நம் நூல்களும் சொல்கின்றன. நிபந்தனை தவறினால் வளர்க்கும் உரிமை போகும். பார்க்கும் உரிமை அதோடு போய்விடுவதில்லை. அப்படியானால் இடையில் ஒரு வழி வேண்டுமல்லவா? பாதுகாப்பும் வேண்டும், சந்திப்பும் வேண்டும் என்றால் மூன்றாமவர் ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். நோயுற்ற பிள்ளையைத் தாய் முன்னாள் கணவர் வீட்டில் வந்து பார்த்துக் கொள்ளும்போது அவர்களிருவரும் தனித்திருக்கலாகாது என்று ஷாஃபிஈ விளக்கவுரைகள் எச்சரிப்பதும் ஒரு வகையில் இப்படிப்பட்ட ஏற்பாடே. அங்கே காரணம் வேறு என்பதை மறுக்கவில்லை.

முஸ்லிம் நாடுகளிலும் இது புதிதன்று. எகிப்தில் 1985-ல் திருத்தப்பட்ட குடும்பச் சட்டம், பெற்றோர் தமக்குள் ஒத்துப் போகாவிட்டால் காளியே சந்திப்பை ஒழுங்கு செய்ய வேண்டும் என்றது. பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும் இடத்தில் அது நடக்கக் கூடாது என்றது. அந்த உத்தரவைப் பலவந்தமாக நிறைவேற்றக் கூடாது என்றும் சொன்னது. அழுகிற பிள்ளையைப் போலீஸ்காரர் இழுத்துப் போவதைத் தடுக்கத்தான்! காரணமின்றிக் காட்ட மறுப்பவருக்குக் காளி அறிவுறுத்த வேண்டும். மீண்டும் மறுத்தால் தற்காலிகமாக ஹளானத்தையே அடுத்த தகுதியுள்ளவருக்கு மாற்றலாம். பெற்றோர் இல்லாதபோது பாட்டன் பாட்டிமாருக்கும் இதே பார்க்கும் உரிமை உண்டு. பின்னர் 2000-ல் வந்த ஆணை, கிளப்புகள், இளைஞர் மையங்கள், பூங்காக்கள் போன்ற இடங்களைச் சந்திப்புக்கென்று குறித்து, வாரத்திற்கு மூன்று மணி நேரத்திற்குக் குறையக் கூடாது என்று வரையறுத்தது. அல்அஸ்ஹர் இருக்கும் நாடு அது.

அந்தப் பெண்மணி வழக்குப் போட்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில் இரண்டு மணி நேரம், கவுன்சிலர் முன்னிலையில் என்று உத்தரவாயிற்று. உடனே பெரியவர் மறுபடி என்னிடம் வந்தார். “கோர்ட்டு போட்டது மார்க்கத்துக்கு முரண்னு ஒரு வரி எழுதிக் குடுங்க ஹஜ்ரத்” என்றார். இம்முறை நான் கித்தாபை விரித்து வைத்து, மறுபாதியை வாசித்துக் காட்டினேன். அவர் கோபித்துக் கொண்டார். ‘போன தடவை ஏன் இதைச் சொல்லவில்லை?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். ஃபத்வாவுக்கு நீதிமன்றத் தீர்ப்புப் போன்ற சட்ட வலிமை கிடையாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் சொன்னேன். ஆனால் சட்ட வலிமை இல்லாத என் இரண்டு வரி, ஒரு தாயை ஓராண்டு காலம் தடுத்து வைத்திருந்ததே!

முதல் சனிக்கிழமை பையன் தாயிடம் போகவேயில்லையாம். தகப்பனின் சட்டையைப் பிடித்துக் கொண்டு பின்னால் ஒளிந்திருக்கிறான். இரண்டாம் முறை, கொண்டுவந்த பணியாரத்தை வாங்கிக் கொண்டு தள்ளி உட்கார்ந்தானாம். கவுன்சிலர் அம்மா பொறுமைசாலி, யாரையும் வற்புறுத்தவிடவில்லை. சில மாதங்களில் பையன் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்துக் கதை பேசுமளவுக்கு வந்ததாகப் பாட்டனார் சொன்னார். பிறகு நீதிமன்றமே உத்தரவை மாற்றி, வார இறுதியில் தாய் வீட்டில் ஓர் இரவு தங்க அனுமதித்தது.

இத்தகைய வழக்கில் இருப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பணத்தையும் பார்ப்பதையும் முடிச்சுப் போடாதீர்கள். ‘செலவுக்குக் கொடுத்தால் காட்டுகிறேன்’, ‘காட்டினால்தான் செலவுக்குக் கொடுப்பேன்’ இரண்டும் கூடாதவை. பிள்ளை தாயிடம் இருந்தாலும் நஃபகா தந்தையின் மீது கடமை. 1986-ம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னும் முஸ்லிம் பிள்ளைகள் தந்தையிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமை குறையவில்லை என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144-ம் பிரிவாக இருக்கிறது. தந்தை கொடுக்கத் தவறினால் அதற்கென்று வழக்குண்டு. பிள்ளையை மறைத்து வைப்பது அதற்குப் பரிகாரமன்று.

பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளையிடம் ‘அம்மா என்ன கேட்டாங்க, அத்தா யாரோட வந்தாரு’ என்று துருவிக் கேட்காதீர்கள். ஹுஜுராத் அத்தியாயம் தடுத்த உளவு பார்த்தலை ஒரு குழந்தையை வைத்துச் செய்வது இது. நீதிபதி தனியறையில் விருப்பத்தைக் கேட்பார் என்று தெரிந்து, முதல் நாள் இரவே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவித்த சிறுவன் யார் சொல்லியும் தாயின் கையைப் பிடிக்கவில்லை.

நேரத்திற்கு வாருங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். வாசலைப் பார்த்தபடி காத்திருந்து ஏமாந்த பிள்ளையிடம், ‘பார், உன் மேல் அக்கறை இல்லை’ என்று சொல்ல மறு தரப்பில் யாராவது தயாராக இருப்பார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹளானத் பற்றிக் கடிதம் கேட்டு வந்தால், பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதோடு, மற்றவர் எந்த நாளில், எங்கே, எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பதையும் இரு தரப்பாரையும் அமர்த்திப் பேசி, அதே தாளில் எழுதுங்கள். அடிதடி, குடி போன்றவை சம்பந்தப்பட்டிருந்தால் நீங்களாக முடிவு செய்யாமல் நீதிமன்றத்திற்கு அனுப்பி வையுங்கள். அங்கே கவுன்சிலர் இருக்கிறார். நம் ஜமாஅத் அலுவலகத்தில் இல்லை.

மறுமணம் செய்த தாயின் ஹளானத் பற்றிச் சில வாசகர்கள் கேட்டுள்ளார்கள். பிள்ளைக்கு மஹ்ரமல்லாத அந்நியரை மணந்தால் ஹனஃபி மத்ஹபில் அவருடைய ஹளானத் நீங்கும். பிள்ளையின் சிறிய தந்தை போன்ற மஹ்ரமை மணந்தால் நீங்காது. அந்நியருடன் செய்த மணம் முறிந்தால் உரிமை திரும்பவும் வரும். பார்க்கும் உரிமையோ எந்நிலையிலும் நீங்குவதில்லை. இதன் விவரங்களை அடுத்த இதழில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வல்லாஹு அஃலம்.